ஷவருக்கு வராத தண்ணீர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு எண்ணெய் ஆலையின் பாய்லர், இம்மானுவேல் சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் வீட்டுக் குளியலறை ஷவர்தான் கேட்பேனா என்றது.

மனைவி கிரேஸ் வழுக்கி விழுந்து வலது தோள்பட்டை பிசகியதிலிருந்து, சொம்பைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. ஸ்டூல் போட்டு உட்கார வைத்து இம்மானுவேல்தான் தண்ணீர் ஊற்றுவார். சும்மா ஊற்றினால் அவருக்கே கூச்சம். அதனால் கேன்டீன் கதை, சர்ச் சண்டை என்று எதையாவது பேசிக்கொண்டே ஊற்றுவார். பேத்தி எடுத்த வயதில் புருஷன் கையால் குளிப்பது அவளுக்கு எவ்வளவு சங்கடம் என்று தானாகவே முடிவு செய்து, ஒரு ஷவரை வாங்கி மாட்டினார். அதன் கீழே உட்கார்ந்தால் போதும், அவள் யார் தயவும் இல்லாமல் குளிக்கலாம்.

அவர் திறந்து பார்த்தால் தண்ணீர் நன்றாகக் கொட்டும். கிரேஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகும். "இந்தாய்யா, தண்ணியே வர்ல" என்று குரல் வரும். அவர் சொம்போடு ஓடுவார். குளித்து முடித்து அவள் வெளியே வந்தபிறகு திருகினால், மறுபடி கொட்டும்.

இது இன்னா பேஜாரு என்று மனுஷன் குழம்பிப் போனார். உப்புத் தண்ணீர் அடைத்திருக்கும் என்று ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப் போட்டார். பிளம்பர் உமர் பாரூக் வந்து தொட்டியை மேடை கட்டி உயர்த்தினார். அப்புறம் மோட்டாரும் வைத்தார்.

"எனக்குக் கொட்டுது, அவளுக்கு ஒழுகுது. ஆள் பாத்தா பாய் தண்ணி வரும்?"

"எனக்கே புரியலண்ணா" என்று பாயும் தலையைச் சொறிந்தார்.

ராத்திரி ஷிஃப்டில் பாய்லர் முன்னால் நின்றபோதும் அவர் மனதில் ஷவர்தான் ஒழுகியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரம். வழக்கம்போல் ஒழுகியது, வழக்கம்போல் ஊற்றினார். கை நழுவிய சோப்பு வாளிக்குப் பின்னால் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்தவரின் கை, சுவரோரம் ஷவருக்குப் போகும் குழாயில் இருந்த வால்வில் பட்டது. இத்தனை வருஷம் வால்வு பிடித்த கை. முக்கால்வாசி மூடியிருப்பது தொட்டவுடனே தெரிந்தது.

ஆலையில் இம்மானுவேலைக் கேட்காமல் ஒருவரும் வால்வைத் தொடமாட்டார்கள். அந்த நினைப்பிலேயே, வீட்டு வால்வை ஷவர் மாட்டிய அன்று முழுசாகத் திறந்து வைத்ததோடு அதை அவர் மறந்துபோனார். இன்னொரு கை அதன்மேல் போகும் என்று தோன்றவேயில்லை.

"கிரேஸு, இத யாரு மூடுனது?"

தலை நிறைய சோப்பு நுரையோடு அவள் திரும்பாமலே சொன்னாள். "நான்தான். வெளிய வரச்ச தொறந்து வுட்டுடுவேன். இடது கை நல்லாத்தான கீது."

"இன்னாத்துக்கு?"

"கட்டிக்கினு வந்த நாளா ஷிஃப்டு ஷிஃப்டுன்னு ஓடிக்கினே இருந்த. இப்பதான் என்னாண்ட குந்திப் பேசுற. தண்ணி நல்லா வந்தா நீ எதுக்குய்யா உள்ள வரப் போற?"

இம்மானுவேல் வால்வை அப்படியே விட்டுவிட்டு வாளியில் சொம்பை முக்கினார்.

"கண்ண மூடிக்கோ, சோப்பு உள்ள போயிடும்" என்றார். "அப்பறம் கேளு, நேத்து கேன்டீன்ல இன்னா ஆச்சுன்னா..."