சிலை என்றுதான் படித்தேன்

மைமூனின் வேலை போனதற்குக் காரணம் நான். அவள் முகநூலில் எழுதிய நான்கு வரிகளைப் படம் பிடித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பெயரில்லாத ஒரு மின்னஞ்சலிலிருந்து அவளுடைய பாலர் பள்ளித் தலைமையாசிரியைக்கு அனுப்பியவள் நானேதான்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட... உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம், உங்களை நான் மின்தூக்கியில் சந்திக்க வேண்டியதில்லை என்பதுதான். நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் நாளைக்கு எனக்குத் தெரியப்போவதில்லை. கோழைத்தனம் என்கிறீர்களா? ஆமாம், அதுவும் உண்டு.

மைமூனும் நானும் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் அடுத்தடுத்த அடுக்குமாடிப் புளோக்குகளில் வளர்ந்தவர்கள். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு மட்டும் நான், மைமூன், செல்வி மூவரும் ஒரே மேசை. அரட்டையும் ஒன்று, தண்டனையும் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு நான் புக்கிட் பாஞ்சாங்குக்கு வந்துவிட்டேன். பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகம் ஒன்றில் பதிவு முகப்பில் வேலை. மைமூன் பாலர் பள்ளி ஆசிரியை ஆனாள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் அவளை 'டீச்சர் மை' என்று அழைத்துக்கொண்டு அவள் பாவாடையைப் பிடித்துத் தொங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த நேரத்தில் அழைத்தாலும் தொலைபேசியில் அவளுடைய முதல் வார்த்தை, "பசியாறிட்டியாடி?" என்பதாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவளையா சந்தேகப்பட்டாய் என்று கேட்பீர்கள். பொறுங்கள்...

மக்காவுக்கு உம்ரா போய்வந்த பிறகு அவள் மாறினாள். மாறினாள் என்பதைவிட, அவளுடைய முகநூல் மாறியது என்பதே சரி. தினம் ஒரு போதனை! அருவி, ரோஜா, சூரியோதயம், அவற்றின் மேல் தங்க எழுத்துகள். ஒருநாள் பொறாமை கூடாது என்று வரும். மறுநாள் புறம் பேசக் கூடாது என்று வரும். ரயிலில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால் முதலில் என்னை வரவேற்பது மைமூனின் அறிவுரைதான். நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.

செல்வி சாமர்த்தியக்காரி. ஒருமுறை தேக்கா கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். "நான் எப்பவோ அவளை அன்ஃபாலோ பண்ணிட்டேன் லா. அவ போஸ்ட் ஒண்ணும் எனக்கு வராது. ஃப்ரெண்டு ஃப்ரெண்டாவே இருக்கா, எனக்குத் தலைவலியும் இல்ல. நீயும் பண்ணிடு."

நான் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் எழுதுவதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. என்னைப் பற்றி எழுதுவதை நான் படிக்காமல் விடுவேனா?

சிரிக்காதீர்கள். நான் புது சோபா வாங்கிப் படம் போட்டேன்; அடுத்த நாள் ஆடம்பரத்தைக் கண்டித்து அவளிடமிருந்து ஒரு செய்தி. என் மகள் நாட்டிய உடையில் நின்ற படத்தைப் போட்டேன். பெண்களுக்கு அடக்கம் வேண்டும் என்று ஒன்று. தீபாவளிக்கு வாசலில் விளக்கு வைத்துப் படம் போட்டேன். உண்மையான ஒளி உள்ளத்தில் இருக்கிறது என்று இன்னொன்று! தற்செயலா? தினமும் ஒன்று போடுகிறவள், நான் எப்போது படம் போட்டாலும் மறுநாளும் ஏதோ ஒன்று போடத்தானே செய்வாள் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. என் சித்தி மகன் கோயில் கோபுரப் படங்களுக்குக் கீழே மற்ற மதத்தாரைக் கரித்துக்கொட்டி எழுதுவான். இந்தியா அரசியலை இங்கே உட்கார்ந்துகொண்டு பேசித் தீர்ப்பான். அதை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். அது யாரைச் சுடும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. என் வீட்டு வாசனை எனக்கு எப்படித் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மைமூன் சொந்த வீட்டுக்குக் குடிபோனபோது, தேக்காவில் பித்தளைக் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பாவை விளக்கு வாங்கிக் கொடுத்தேன். கையில் அகல் ஏந்தி நிற்கும் பெண் உருவம். "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். பல வருடம் அது அங்கேதான் நின்றது.

ஒரு நோன்புப் பெருநாளன்று போனேன். அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. பாவை இல்லை! நான் கேட்கவில்லை. ரெண்டாங் இறைச்சிக் கறியைச் சாப்பிட்டேன், நன்றாயிருக்கிறது என்றேன், வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பூச்சாடியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த நான்கு வரி வந்தது. எங்கள் எல்லோரையும்போல அவளும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுவாள். நான் படித்தபடியே தருகிறேன்:

'வீட்ல கெடந்த பழைய சிலை எல்லாம் இன்னிக்குத் தூக்கிப் போட்டாச்சு. அலமாரி இப்பத்தான் மூச்சு விடுது. இனிமே இந்த வீட்டுக்கு சிலையே வேணாம். மனசு லேசா இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்.'

கீழே ஒரு படம். புளோக்கின் கீழ்த்தளத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், வாய் கட்டிய கறுப்புப் பைகள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பாவையைக் குப்பையில் போட்டதும் போதாமல், அதை ஊருக்குச் சொல்லிப் பெருமை வேறா! அன்று மருந்தகத்தின் சாப்பாட்டு அறையில், ஆறிப்போன மீ கோரெங் நூடுல்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினேன். தலைமையாசிரியை சீனப் பெண்மணி. தமிழ் தெரியாது. ஆகவே நான்தான் மொழிபெயர்த்தேன்.

கவனியுங்கள், என் பாவம் இங்கேதான் இருக்கிறது. சிலை என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, கூடத்தில் அழகுக்கு வைக்கிற உருவத்தைச் சொல்வது. மற்றொன்று, கும்பிடுகிற விக்கிரகத்தைச் சொல்வது. நான் கொடுத்தது வெறும் விளக்குத்தாங்கி. அது எனக்குத் தெரியும்! தெரிந்தும் நான் இரண்டாவது சொல்லைத்தான் எழுதினேன். அதோடு நிறுத்தினேனா? மற்ற மதத்தை இப்படி இழிவு செய்கிறவர் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தலாமா என்று ஒரு கேள்வியையும் சேர்த்தேன். நம் சிங்கப்பூரில் இப்படி ஒரு கேள்வி எழுந்தால் யாரும் கண்டும் காணாமல் இருக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டொரு நாளில் மைமூன் அழுதுகொண்டே அழைத்தாள். அன்றைக்கு மட்டும் 'பசியாறிட்டியா' என்று கேட்கவில்லை. "என்னை வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்கடி சுமதி... விசாரிக்கணுமாம்."

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லவா? இல்லை. என் பெயர் அடிபடுகிறதா என்று வேவு பார்க்கத்தான் போனேன். அவளோ, வீங்கிய கண்களோடு இடியப்பத்தை என் முன்னால் வைத்து, "மொதல்ல பசியாறு, அப்புறம் பேசலாம்" என்றாள். நானும் சாப்பிட்டேன். எனக்கு அது தொண்டையில் இறங்கியது என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது.

"நான் என்னடி தப்பா எழுதிட்டேன்?" என்றாள். "இப்பல்லாம் அபாயாதான் போடுறேன். அலமாரி நெறைய சீலை. நல்லதையெல்லாம் அக்கா மகளுக்குக் குடுத்துட்டேன். கிழிஞ்சதைத் தூக்கிப் போட்டேன். சீலையைத் தூக்கிப் போட்டா அது மதப் பிரச்சினையா?"

"சீலையா?" என்றேன்.

"பின்னே? சீலைதான் லா, நீ கட்டுறியே புடவை! எஸ் ஐ எல் ஏ ஐ. எவனோ அதைச் சிலைன்னு படிச்சுட்டு எழுதிப் போட்டிருக்கான். முஸ்லிம் வீட்ல ஏதுடி சிலை? எங்க வீட்ல இருக்கற ஒரே சிலை நீ குடுத்ததுதான்."

புடவையை அவள் வீட்டில் சீலை என்பார்கள். சிறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் அம்மா கட்டியதும் சீலைதான், கொடியில் காய்ந்ததும் சீலைதான். ஆங்கில எழுத்தில் நெடிலும் இல்லை, குறிலும் இல்லை. அதைப் படிக்கிறவர் மனசு எதை நினைக்கிறதோ அதுதான் அங்கே இருக்கும். என் மனசு சிலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

கையைப் பிடித்து என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மேசைமேல் என் பாவை! பளபளவென்று துலக்கி வைத்திருந்தாள். பாவையின் தோளில் ஒரு துண்டுத் துணி கிடந்தது. பழைய சீலையிலிருந்து வெட்டியது. "கூடத்துலதான் எல்லாரும் தொழுவோம். உருவம் இருக்கக் கூடாதுன்னு மாமி ஒரே புடுங்கல். அதான் இங்க கொண்டாந்துட்டேன். நான் இங்க தொழுதா இதை மேல போர்த்தி வெச்சுடுவேன். நீ குடுத்ததாச்சே, தூக்கிப் போட மனசு வருமா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் அந்தத் துணியின் மடிப்பைச் சரி செய்துகொண்டு நின்றேன்...

"தமிழ் தெரிஞ்ச ஆளுதான்டி," என்றாள் மைமூன். "அதுவும் என் ஃப்ரெண்டு லிஸ்ட்ல இருக்கற ஆளு. வெளியாளுக்கு அந்தப் போஸ்ட் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "செல்வியா இருக்குமோ?" என்றாள்.

செல்வி அந்தப் பதிவைப் பார்த்திருக்கவே முடியாது! அவள் எப்போதோ மைமூனைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டாள். உலகத்திலேயே அது தெரிந்த இன்னொருத்தி நான் மட்டும்தான். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாருக்குத் தெரியும்... உன் போஸ்ட்டுங்கன்னாலே அவளுக்குத் தலைவலின்னு ஒருதடவை சொன்னா." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பார்த்தீர்களா? நான் அவ்வளவு கெட்டிக்காரி!

அன்றோடு மைமூன் செல்வியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று தெரியாமல் செல்வி என்னிடம் வந்து அழுதாள். அவளுக்கும் நானே ஆறுதல் சொன்னேன்.

பள்ளியில் சீலை விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் விஷயம் எப்படியோ பெற்றோர் காதுக்கு எட்டிவிட்டது. சிலர் முகம் சுளித்தார்கள். கொஞ்ச நாளைக்கு அலுவலகத்தில் இருங்கள் என்றார்களாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் காகிதம் அடுக்க முடியவில்லை என்று அவளே வேலையை விட்டுவிட்டாள். இப்போது வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்கிறாள். குரலில் அந்தப் பழைய துள்ளல் இல்லை.

தலைமையாசிரியைக்கு உண்மையை எழுதலாமே என்று கேட்பீர்கள். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது என் மகளின் பெயர். எந்தத் தாய் மறப்பாள்?

இனிமேல்தான் எனக்குத் தண்டனை. மைமூன் இப்போது முகநூலில் எதையும் தானாகப் போடுவதில்லை. பயம். எதுவானாலும் முதலில் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறாள். "இதைப் போடலாமாடி? யாராச்சும் தப்பா எடுத்துக்குவாங்களா, பார்த்துச் சொல்லு. உன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும்." ஆங்கில எழுத்தையும் விட்டுவிட்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தமிழிலேயே தட்டுகிறாள். நெடில், குறில் எல்லாம் அவ்வளவு சுத்தம்!

நானும் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். "போடலாம் லா." "இது வேணாம்." "இந்த வார்த்தையை மட்டும் மாத்திடு." அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று காவல் காப்பவள் நான்!

ஆனால் சில நாளாக எனக்கு வேறொரு சந்தேகம். அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் ஒவ்வொன்றாக என் முன்னால் வைக்கிறாளோ? 'உன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும்' என்றால் என்ன அர்த்தம்?

இன்று காலை ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. அருவி இல்லை, ரோஜா இல்லை. எங்கிருந்தோ வந்ததைக் கைமாற்றியது என்று காட்டும் 'ஃபார்வர்ட்' குறியும் மேலே இல்லை.

'தெரிந்தே கெடுதல் செய்தவர்களையும் மன்னித்துவிடு. அவர்கள் உன் வீட்டில் பசியாறியவர்கள்.'

அதற்குக் கீழே, 'இதைப் போடலாமா?'

அப்படிக் கைமாறி வருகிற போதனைகளில் 'பசியாறியவர்கள்' என்ற சொல்லை நான் பார்த்ததே இல்லை. அது அவள் சொல். அவளே உட்கார்ந்து எழுதியது. யாருக்காக எழுதினாள்? செல்விக்காகவா? செல்வியும் அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவள்தான்... அப்படியும் இருக்கலாம் அல்லவா? நீங்கள் சொல்லுங்கள்!

'போடு' என்று தட்டினேன். அழித்தேன். 'வேணாம்' என்று தட்டினேன். அதையும் அழித்தேன். நான் தட்டுவதும் நிறுத்துவதும் அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னும் பதில் அனுப்பவில்லை. அவள் வரிக்குப் பக்கத்தில் நீலக் குறிகள் விழுந்திருக்கும். நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.