ஐந்து நத்தைகளும் ஒரு பிடி சோறும்

எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எழும்பியதும், முகம் கழுவ முன்னரே, குசினிக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். அரிசி வாளி, பருப்புப் போத்தல், மாப் பேணி, முதல் நாள் கறிச்சட்டி, ஒன்றையும் விடமாட்டார். எதையும் எடுத்ததில்லை. உள்ளே இருப்பதைப் பார்ப்பார், மூடுவார், அடுத்ததற்குப் போவார். அண்ணா அவருக்குச் சுங்க அதிகாரி என்று பெயர் வைத்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணா எது சொன்னாலும் சிரிக்கும் வயது.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, எந்தெந்த நாடுகளாலோ சுற்றி, விபோர்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு இந்த நாட்டு மொழியான டெனிஷ் தெரியாது. எனக்குத் தமிழ் அரைகுறை. ஆகவே எங்களுக்குள் பேச்சு எப்போதும் சுருக்கமாக முடிந்துவிடும்.

அந்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு எங்கள் வகுப்புப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோகும் சீட்டு எனக்கு விழுந்தது. போத்தல் என்றால் சின்னதல்ல. பள்ளிக்கூடச் சமையலறைக்கு பீட்ரூட் ஊறுகாய் வந்த பெரிய கண்ணாடிப் போத்தல். இலையுதிர்காலத்தில் ஆசிரியை அதற்குள் ஏரிச் சேறும் தண்ணீரும் நிறையப் பாசிச்செடியும் ஐந்து நத்தைகளும் போட்டு, மூடியை இறுக்கி, சுற்றிவர ஒட்டுநாடா ஒட்டியிருந்தார். அதற்குப் பிறகு அது திறக்கப்படவே இல்லை. வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். செடி வெளிச்சத்தை உணவாக்கும், நத்தை செடியைத் தின்னும், நத்தையின் கழிவைச் சேற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்னும், மிஞ்சியது திரும்பவும் செடிக்கு. ஒரு மீனும் விடலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். ஒவ்வொரு வாயிலும் பெரும்பங்கு சூடாகக் கரைந்து போய்விடும், அடுத்தவருக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும், ஒரு மீனுக்கு இந்தப் போத்தல் காணாது என்றார் ஆசிரியை. அதனால்தான் செடி நிறைய, நத்தை கொஞ்சம், மீன் இல்லை.

நத்தைகள் ஐந்துக்கும் பெயர் இருந்தது. ஒன்றுக்கு ஒரு காற்பந்து வீரனின் பெயர். அதுதான் எல்லாருக்கும் செல்லம்.

போத்தலை வரவேற்பறை யன்னல் ஓரத்தில் வைத்தேன். அது கைக்கு வந்ததில் எனக்குப் பெருமையை விடப் பயம்தான் அதிகம். வகுப்பில் கறுப்புத் தலைமுடி எனக்கு மட்டும்தான். என்னிடம் வந்து ஏதாவது நடந்துவிட்டால் அது என் வீட்டின் குற்றமாகிவிடும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

மாமா போத்தலுக்குக் கிட்டக் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

"உதுகளுக்கு என்ன சாப்பாடு பிள்ளை?"

"ஒண்டும் இல்லை மாமா."

"ஒண்டும் இல்லையோ?"

"வெளிச்சம் மட்டும். வெளிச்சம் காணும்."

"எப்ப மூடினது?"

"போன வருசம்."

மாமா ஒட்டுநாடாவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் அரிசி வாளியைத் திறந்து பார்த்தார். அது காலையில் ஏற்கனவே பார்த்த வாளி.

மூன்றாம் நாள் போத்தலின் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் இருந்தது. ஒட்டுநாடா அறுந்து தொங்கியது. மூடியைத் திறந்தால் மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம். சேற்றின்மேல் சோறு, ஒரு பிடி இருக்கும், ஊதிப் பஞ்சாகிக் கிடந்தது. இரண்டு நத்தைகள் அதற்குப் பக்கத்தில் அசைவில்லாமல் கிடந்தன. மற்ற மூன்றும் மூச்சுக்காக மேலே ஏறி மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சத்தை மட்டும் நம்பியிருந்த இடத்தில் ஒரு பிடி சோறு விழுந்தால், அதை அழுகவைக்கும் உயிர்கள் பெருகி, தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் குடித்துவிடும். இது நான் பின்னாளில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மாமா என்னை ஒழித்துவிட்டார் என்பது மட்டும்தான்.

கத்தினேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ் வராது, எல்லாம் டெனிஷில்தான். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மொழிபெயர்க்கும் வேலையை அண்ணா சந்தோசமாக ஏற்றுக்கொண்டான்.

"நீங்கள் நத்தையைச் சாகடிச்சுப்போட்டீங்களாம்."

மாமாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எங்களுக்கு அல்லாமல் போத்தலுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"கனநாள் பசி கிடந்ததுகளுக்கு ஒரேயடியாய்க் குடுக்கக்கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குடுத்திட்டன்."

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து அம்மா வந்தாள். நிலத்தில் இரண்டு பருக்கை சிந்தினாலே என்னைப் பிடித்து ஏசுகிற அம்மா, மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போத்தலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. அம்மாவும் அவர் பக்கம்தான் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன்.

அடுத்த நாள் காலையில் மாமா மூடி எதையும் திறக்கவில்லை. உயிரோடிருந்த மூன்று நத்தைகளும் சலாட் கோப்பையில் இருந்தன. போத்தலை அவரே கழுவித் துடைத்து ஒரு துவாயில் சுற்றியிருந்தார்.

"வா பிள்ளை. ஏரி எங்கை இருக்கு?"

ஏரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஏப்ரல் காற்று காதை அறுத்தது. மாமா அப்பாவின் பழைய குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தார். அதற்குள் இன்னொருவரும் இருக்கலாம், அவ்வளவு மெலிவு. கரையில் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒரு கிழவர் நின்று பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நத்தை வேண்டியிருந்தது. சேறு அள்ளினார். செடி பிடுங்கினார். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டு நத்தைகளைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கை குளிரில் சிவந்திருந்தது.

"உது சரியோ? அந்தப் பெடியன் மாதிரி இருக்கோ?"

காற்பந்து வீரனைத்தான் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வீரன் செத்தவர்களில் ஒருவனா, சலாட் கோப்பையில் இருக்கிறவனா என்று உண்மையில் எனக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்துக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். புது ஒட்டுநாடா ஒட்டிப் போத்தலைக் கொண்டுபோனேன். போத்தலோடு கூடவே வீடு வீடாகப் போகும் குறிப்புக் கொப்பியில், "ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் சுகம்" என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அதை உரக்க வாசித்துவிட்டு, பார்த்தீர்களா, ஒருவரும் ஒன்றும் கொடுக்காமலே எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்றார். பிள்ளைகள் புது நத்தையை வீரனின் பெயர் சொல்லி வரவேற்றார்கள். என் காது இரண்டும் சுட்டன. மாமாவோ கோடை விடுமுறை வரைக்கும் நான் பள்ளியால் வந்ததும் "இருக்கினமோ?" என்று கேட்பார். யாரோ சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி.

மாமா போரின் கடைசி மாதங்களில் எங்கே இருந்தார் என்று அம்மா எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகம் போய்விட்டேன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் ஆமி, நடுவில் ஒரு துண்டு மணலில் அடைபட்டிருந்த சனம். உள்ளே ஒன்றும் வராது. உப்புக்கூட இல்லாத கஞ்சிக்கு வரிசை. வரிசையில் நின்று கிட்டப் போகும்போது கஞ்சிக் கிடாரம் காலியாகிவிடும். அம்மா அன்றைக்கும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். நான் ஏரியிலிருந்து திரும்பி வந்த அந்த வழியை நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

அந்த ஏப்ரல் காலையில், திரும்பும் வழியில் மாமா போத்தலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் தளும்பக்கூடாதென்று மெதுவாக நடந்தார். இனிமேலும் சோறு போட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நான் எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி அவருக்குப் பாடம் நடத்தினேன். சாப்பாடு என்பதே வெளிச்சம்தான், மாமா. முதலில் செடி, பிறகு நத்தை. மூடினாலும் பயமில்லை. வெளிச்சம் இருந்தால் ஒருவரும் சாகமாட்டார்கள்.

மாமா கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்.

"அங்கை நல்ல வெளிச்சம் பிள்ளை. விடிஞ்சால் பொழுதுபடும் மட்டும் வெயில்தான்."

ஊரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"அப்ப உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது," என்றேன்.

மாமா நின்று, போத்தலைக் கொஞ்சம் உயர்த்தி, ஐந்து நத்தைகளும் இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"ஓம்," என்றார்.

பாடம் அவருக்கு விளங்கிவிட்டது என்று நான் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.