துடைத்துவிட்டால் ஓடிய வண்டிகள்

வண்டி நின்றுபோனால் என் அப்பா குணசேகர் பயந்ததே இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் தாத்தாவுக்கு வேலை போனது. அப்பா ரயிலேறி பெங்களூருக்கு வந்து டிரைவர் ஆனார். சில வருடங்களில் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கினார்.

அந்த வேன் ஒவ்வொரு மழைக்கும் நிற்கும். அப்பா முன் சீட்டைத் தூக்கி, எஞ்சினில் ஈரம் பட்ட இடங்களைப் பனியன் துணியால் துடைப்பார். பிளக்கைக் கழற்றி ஊதுவார். சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். அப்படியும் கிளம்பாவிட்டால் அடுகோடியில் மெக்கானிக் நயாஸ் பாய் இருந்தார். பாய் பழைய பார்ட்டையே கழுவி மாட்டுவார், கையில் இருப்பதை வாங்கிக்கொள்வார். ஒருமுறை எஞ்சினை முழுதாகப் பிரித்து மாட்டியதற்கு எட்டாயிரம் ஆனது. அதற்கே அம்மா ஒரு வாரம் அப்பாவிடம் பேசவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் வேனை விற்றுவிட்டு, கடன் வாங்கி, மஞ்சள் போர்டு போட்ட புதுக் கார் எடுத்தார். சந்தாபுராவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து கம்பெனி ஆட்களை எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவரும் வேலை. வாடகை, தவணை, தம்பியின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் காரை நம்பித்தான் இருந்தன.

போன செப்டம்பரில் ஒரு மாலை, அண்டர்பாஸில் தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டது. ஏறியிருந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். அப்பா பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். உள்ளே பிளக் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் மூடி மறைத்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒயர்களையெல்லாம் துடைத்தார். பிறகு சாவியைத் திருப்பினார். "டக்" என்றது. மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதன்பின் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து, நாங்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு இன்ஷூரன்ஸுக்குப் பேசினார்.

"தண்ணில நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்று போனை எடுத்த பெண் கேட்டார்.

"பின்ன? அப்டியே உட்டுட்டு வருவனா மேடம்? தொடச்சி, ஊதி, மூணு தபா ஸ்டார்ட் பண்ணேன். என் பக்கம் ஒரு கொறையும் இல்ல."

அந்தப் பெண் மெதுவாக, "சார், இந்த கால் ரெகார்ட் ஆவுது" என்றார்.

"ஆவட்டும் மேடம். நல்லதுதானே."

அது எவ்வளவு கெட்டது என்று சர்வீஸ் சென்டரில்தான் தெரிந்தது. காற்று போகும் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே இருந்த கம்பி வளைந்து, கடைசியில் எஞ்சின் சுவரையே உடைத்துவிட்டது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்றார்கள். வெள்ளத்தில் நின்றதற்குத்தான் இன்ஷூரன்ஸ் பணம் வருமாம், நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து உடைத்ததற்கு வராதாம்.

"தொடாம டோ வண்டி வச்சு இழுத்துட்டு வந்திருந்தா, தண்ணிய எடுத்து, ஆயில் மாத்திக் குடுத்திருப்போம் சார்" என்றார் அங்கே இருந்தவர்.

"அப்போ வேல தெரியாதவன் ஓட்டியிருந்தா வண்டி பொழச்சிருக்கும்ன்றீங்க?" என்று அப்பா கேட்டார். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரை அங்கேயே விட்டுவைத்தால் நிறுத்துவதற்கும் தினம் ஐந்நூறு. அம்மாவின் கம்மலை அடகு வைத்து, எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததற்கான கூலியைக் கட்டி, காரை அடுகோடிக்கு இழுத்துப் போனோம். எஞ்சின் துண்டுகள் பின் சீட்டில் ஒரு கோணியில் கிடந்தன. நயாஸ் பாய் கோணியை அவிழ்த்துப் பார்த்தார்.

"அரே குணா, இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?"

"அத்த உடு பாய். உன் ரேட்ட சொல்லு."

"என் கூலி நீ குடுக்கவே வேணாம். எஞ்சின் பிளாக்கே போச்சு. பழைய எஞ்சின் ஒண்ணு தேடிப் போட்டாலும் லட்சத்த தாண்டும். அப்பறம் கம்ப்யூட்டர் வச்சி செட் பண்ணணும், அது என்கிட்ட இல்ல. கழுவிப் போட இதுல ஒண்ணுமே இல்லப்பா."

"நீயே இப்டி சொன்னா நா எங்க பாய் போவேன்?"

பாய் கோணியைக் கட்டிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். அப்பா குடிக்கவில்லை.

அதற்குள் கம்பெனி ட்ரிப்பை வேறு காருக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய கார் வாங்குகிறவர் ஒருவர் உடைந்த நிலையிலேயே எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் கடனில் பாதிக்குக்கூடப் போதவில்லை. இல்லாத காருக்கு இன்னும் தவணை கட்டுகிறோம். அப்பா இப்போது ஆக்டிங் டிரைவர், கூப்பிட்டவர்களின் காரை ஓட்டுகிறார்.

காக்ஸ் டவுனில் ஒருவர் மூன்று வாரமாகத் தொடர்ந்து கூப்பிட்டார். மாதச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நேற்று மழையில் அவருடைய கார் தண்ணீரில் நின்றது. வர நேரமாகும் என்று சொல்ல அப்பா எனக்குப் போன் செய்தார். லைன் கட்டாகாமல் இருக்க, கார்க்காரரின் குரல் கேட்டது.

"டிரைவர்தானே நீ? ஸ்டார்ட் பண்ணிப் பாரு!"

"வேணா சார். டோ வண்டிய கூப்டுங்க."

"பானெட்டயாவது தொறந்து பாருப்பா. அது கூடவா தெரியாது?"

"வேணா சார்."

"சாவியக் குடு, நானே பாக்கறேன்."

"கால்ல உழறேன் சார், வேணா."

கதவு அறையும் சத்தம் கேட்டது. ஒன்றும் தெரியாத ஆளைப் போய் வைத்தேனே என்றும், நாளையிலிருந்து வேறு ஆள் வருவான் என்றும் அவர் கத்தியது தூரத்தில் கேட்டது. ஒரு ஆட்டோ கிளம்பியது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

"அப்பா?" என்றேன்.

"பாப்பா, சாவி என் கைலதான் கீது. நா தொடல," என்றார். "அம்மாகிட்ட சொல்லு. நா தொடவே இல்ல."