டிரம்மில் ஊற்றிய நீலம்

கனீஸ் பாத்திமா எங்கள் மாடிக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் சந்தேகம். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, அதுதான் காரணம். குழாய் ஒழுகுகிறது, ஃபேன் கத்துகிறது என்று குடித்தனக்காரர் ஏதாவது குறை சொல்ல வேண்டாமா? ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற ஆளை எப்படி நம்புவது?

நான் ராஜவேல். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய்ப் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வில்லியனூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று உழவர்கரையில் இந்த வீட்டைக் கட்டினேன். சேற்றில் கால் வைக்கிற வேலை அப்பாவோடு முடியட்டும் என்று நினைத்தவன். மாடியில் பாதி அளவுக்குத்தான் வீடு. மீதிப் பாதி மொட்டை மாடி. அதற்கு நேர் கீழே எங்கள் கூடம்.

கனீஸ் பாத்திமாவின் வீட்டாருக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. பெரிய பள்ளிவாசல் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்தவர்கள். "எங்க வீட்டு ஆம்பளைங்க மண்ணத் தொடுறது அடக்கம் பண்றப்ப கப்ருல மூணு கை அள்ளிப் போடத்தான் அண்ணே" என்று அவரே ஒருமுறை சொன்னார். கணவர் அப்துல் மாலிக் இறந்தபின் தையல் மிஷினை வைத்து மகள் நூரீனைக் கரையேற்றினார். நூரீன் கல்யாணமாகி அரியாங்குப்பம் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. குஸ்காவுக்கு ஆய்ந்த புதினாத் தண்டுகளை ஓட்டை பக்கெட்டில் செருகி வைத்தாராம். அது துளிர்த்ததும் ஆளே மாறிப்போனார்.

பிறகு மூட்டை மூட்டையாக மண் ஏறியது. மண்ணை விற்றுக் கட்டிய வீட்டுக்கு மண் திரும்பி வருகிறதே என்று எனக்கு எரிச்சல். நாற்பது பைகள். அரைக்கீரை, சிறுகீரை, தக்காளி, பந்தலில் பீர்க்கை. ஞாயிற்றுக்கிழமை எங்கோ விதை மாற்றிக்கொள்கிற கூட்டம் என்று கிளம்பிவிடுவார். ஒருநாள் ஒரு ஜாடிக்குத் துணி கட்டி நிழலில் வைத்திருந்தார். மோந்து பார்த்துவிட்டு, இது ஏதோ சூனியம் என்று ஹேமலதாவிடம் வந்து சொன்னேன்.

"மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப் போட்டிருக்காங்க. செடிக்கு உரம்" என்றாள் என் மனைவி. "நீங்கதான் விவசாயி புள்ளயாச்சே, தெரியாதா?"

முதல் கீரையை எங்களுக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். லஞ்சம் என்றேன். ஹேமலதா தலையில் அடித்துக்கொண்டு பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தாள். ருசியாகத்தான் இருந்தது. அதற்காகச் சந்தேகத்தை விட்டுவிட முடியுமா?

போன சித்திரையில் நூரீன் பிரசவத்துக்கு வந்தாள். ஏழு வருஷம் காத்திருந்து தங்கிய கரு, ஏழாம் மாதம். அன்றிலிருந்து கனீஸ் பாத்திமா கடையில் ஒரு கட்டுக் கீரை வாங்கவில்லை. "வெளிய விக்கிறதுல என்னா மருந்து அடிக்கிறானுங்கன்னு யாருக்குத் தெரியும்? என் கையால வளர்த்ததத்தான் என் பொண்ணு வயித்துக்குக் குடுப்பேன்" என்றார். தினமும் காலையில் பறித்து, அலசி, அடுப்பில் ஏற்றுவார். அந்தப் பிள்ளையை இந்தக் கீரைதான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

அதே வாரம் எங்கள் கூடத்துச் சுவரோரம், மேல்தளத்தில் ஒரு ஈரவட்டம் தெரிந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. வட்டத்துக்கு நேர் மேலே பைகள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"வாட்டர் டேங்க்கும் அந்தப் பக்கந்தானே இருக்குது?" என்றாள் ஹேமலதா.

"அதுல குழாய் வளைவுக்கு எல்போ மாட்டுனது யாரு? நானு! முப்பத்தோரு வருஷ சர்வீசு. என் ஜாயிண்ட்டு ஒழுவுமா?"

அவரிடம் நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் இல்லை என்பார், நான் நம்ப மாட்டேன், பிறகு எதற்குக் கேட்பது? பட்டறையில் கசிவு தெரியாவிட்டால் தண்ணீரில் சாயம் கலந்து விடுவோம். சாயம் எங்கே வெளிவருகிறதோ அங்கே ஓட்டை. வெள்ளிக்கிழமை காலை, தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்க அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நூரீன் உள்ளே படுத்திருந்தாள். மாடிக் கதவை அவர் பூட்டுவதே இல்லை. செடிகளுக்கு ஊற்ற வைத்திருக்கும் கறுப்பு டிரம்மில், துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்துவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை அண்ணாந்து பார்த்தேன். வட்டம் பெரிதாகியிருந்தது, ஆனால் பழுப்பு நிறம்தான். ஞாயிறு காலை பாயைப் போட்டு மல்லாந்து படுத்தே பார்த்தேன். சொட்டு விழுந்தது. கையில் ஏந்தினேன். தெளிந்த தண்ணீர். நீலம் போதவில்லை, இன்னொரு பாட்டில் ஊற்ற வேண்டும் என்று யோசித்தேனே தவிர, வேறு எதையும் யோசிக்க என் புத்தி ஒப்பவில்லை.

அன்று பத்து மணி வாக்கில் கனீஸ் பாத்திமா இறங்கி வந்தார். கையில் ஒரு வெள்ளை மக்கு. அதில் நீலத் தண்ணீர். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, யாரோ நம்ம மாடிக்கு வந்து போறாங்க. டிரம்முல எதையோ கலந்திருக்காங்க. கறுப்பு டிரம்மா, இன்னிக்கு இந்த வெள்ள மக்குல மொள்றப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு நாளா அதத்தான் ஊத்துறேன், அந்தக் கீரையத்தான் அவளுக்குக் குடுத்திருக்கேன். நீங்க யாருனா ஏறினதப் பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா மாடிப் பக்கம் வந்தேன்?" என்றேன். நான் ஏறினேனா என்று அவர் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

அவர் இடுப்பிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்தார். "மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிட்டு வந்துட்டேன். ஒரு சாவி உங்ககிட்ட இருக்கட்டும். இந்தத் தெருவுல உங்களத் தவிர நான் வேற யார நம்புறது?"

சாவியை வாங்கிக்கொண்டேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வீட்டில் நானே திருடன் மாதிரி ஏறினேன் என்று ஆகிவிடும். உள்ளே போய்ச் சாவியை ஆணியில் மாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே பைகளை இழுக்கிற சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். கனீஸ் பாத்திமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். கீரைப் பைகள் எல்லாம் காலி. பீர்க்கங்கொடி பந்தலோடு கிடந்தது, பிஞ்சுகள் தரையில் உருண்டன. நூரீன் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, எனக்குப் பயமா இருக்குது."

அந்தப் பெண்ணின் அழுகைதான் என்னை உலுக்கியது. "அது நீலம்மா" என்றேன். "துணிக்குப் போடுற சொட்டு நீலம். வெசமில்ல. நான்தான் ஊத்துனேன்."

கனீஸ் பாத்திமா தக்காளிச் செடியைப் பிடித்தபடியே நின்றார். கூடத்தில் ஒழுகுவதையும் பட்டறைச் சோதனையையும் கோர்வையில்லாமல் சொன்னேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஊத்திக் காட்டியிருப்பேனே அண்ணே" என்றார்.

அவ்வளவுதான். அந்தச் செடியை மறுபடி பையில் நட்டு மண்ணை அழுத்தினார். எஞ்சியது ஐந்தாறு தக்காளி. நூரீனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒன்றும் இல்லை என்றார்களாம். ஹேமலதா என்னைக் கேட்காமலே பிளம்பருக்குப் போன் போட்டாள்.

பிளம்பர் முருகையன் வந்து டேங்க்கைப் பார்த்தான். நான் மாட்டிய எல்போவில் மயிரிழை விரிசல். தண்ணீர் மாடித் தளத்து ஓட்டுக்கு அடியிலேயே ஓடிப்போய், பைகளுக்குக் கீழே கூடத்தில் இறங்கியிருக்கிறது. "எந்த கத்துக்குட்டி சார் மாட்டுனது இத?" என்று கேட்டான். யாரோ ஒருவன் என்றேன்.

நானே மூட்டை சுமந்து மண் ஏற்றினேன். விதை வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இருபத்தைந்தே நாளில் கீரை தழைத்துவிட்டது. நூரீனுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. கனீஸ் பாத்திமா இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். முன்னைப் போல அதில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

போன வாரம் டேங்க் கழுவ மாடிக்குப் போனேன். கறுப்பு டிரம்முக்குப் புதிதாக மூடி போட்டு, கொண்டி வைத்து, பூட்டுத் தொங்கியது. மாடிக் கதவுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது; இதன் சாவியை அவர் எங்களிடம் கொடுக்கவில்லை. கீழே வந்து ஹேமலதாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நானும் கேட்டேங்க" என்றாள். "கொழந்த இருக்குற வீடு, தவழ்ந்து போயி தண்ணியில விழுந்துடும்னு போட்டாங்களாம்."

குழந்தைக்கு இன்னும் தலையே நிற்கவில்லை.