சிறி கீறிய விமானங்கள்

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எனக்கு இரண்டு பலசரக்குக் கடைகள். படிப்பு எட்டாம் வகுப்பு. ஹீத்ரோவில் விமானம் கூட்டித்தான் தொடங்கினேன்; இன்று கடை மாடியில் எனக்கென்று ஒரு மண்டபமே இருக்கிறது. ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. அன்று என்னோடு தும்புத்தடி பிடித்துக் கூட்டிய ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பற்றி. எங்களுக்கு அவன் சிறி.

எண்பத்தொன்பதில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். பயணிகள் இறங்கியதும் ஏறி, நாற்பது நிமிடத்துக்குள் முழு விமானத்தையும் துடைத்துவிட வேண்டும். நான் பின்னாலிருந்து வருவேன், சிறி முன்னாலிருந்து. எப்போதும் நான்தான் முதலில் முடிப்பேன். அவனோ ஒரு சீட்டைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டு நிற்பான். யாழ்ப்பாணத்தில் கணக்கில் முதல் ஆளாக வந்தவன். விமானம் வடிவமைக்கப் படிக்க வேண்டும் என்று கிடந்தவன். சண்டை அவனைக் கொண்டுவந்து விட்டதும் விமானத்துக்குள்தான், கையில் குப்பைப் பையோடு.

"அண்ணை, இதைச் செய்தவன் வாழ்க்கையில தும்புத்தடி பிடிச்சிருக்க மாட்டான்," என்பான்.

தேநீர் குடிக்கிற நேரத்தில் வேலைத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் கீறுவான். ஒரே இழுப்பில் மேலே மடிகிற சீட். இரண்டு பேர் ஒதுங்காமல் போகக்கூடிய நடைபாதை. இப்போதும் விமானத்தில் ஏறினால், கோப்பியும் ஈரத்துணியும் கலந்த அந்தக் காலத்து மணம் எனக்கு வரும். சிறியின் பென்சிலும் கூடவே நினைவுக்கு வரும். முப்பது வருடம் கீறினான். ஒரு பச்சைச் சூட்கேஸ் நிறைந்தது.

அதைத்தான் அவன் மனைவி கிளறிற்றா இந்த வசந்தத்தில் வாசலில் தூக்கி வைத்தாள். சிறியின் முழங்காலுக்குப் படி ஏலாது என்று மனோர் பார்க் வீட்டை விட்டு குட்மேய்ஸ் ஃபிளாட்டுக்கு மாறுகிறார்கள். வேண்டாத சாமான்களை அள்ளத் திங்கட்கிழமை கவுன்சில் லொறி வரும். கிளறிற்றா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, தொண்ணூற்றைந்து வரை பங்கருக்குள் இருந்து குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் கேட்டவள். அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட விரித்துப் பார்த்ததில்லை. "பிளேன் எண்ட சாமான் புது வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றாளாம். சிறியே அதன் பூட்டைச் சரிபார்த்து மூடினானாம். அவன் அப்படித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் வயதானவர்களுக்குப் படம் போடுவேன். அந்த வாரம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் எடுத்தேன். விமானம் வடிவமைக்க ஆசைப்படும் ஒரு பெடியனின் கதை. முன்கூட்டிப் பார்க்கவில்லை. நான் தொட்டது எதுவும் பிழையாய்ப் போனதில்லை.

"கார்ட்டூன்தானே பிள்ளை, சிரிச்சிட்டுப் போகலாம்," என்று சிறியோடு கிளறிற்றாவையும் கூப்பிட்டேன்.

அரை மணி நேரம் அழகாகப் போனது. பிறகு திரையில் ஒரு விமானம் இரைச்சலோடு தாழப் பறந்தது. இருந்த முப்பது பேரும் சட்டென்று தலையைக் குனிந்துவிட்டார்கள். லண்டனில், கதிரையில் இருந்துகொண்டு! நானும்தான். கிளறிற்றா காதைப் பொத்தியபடி பாதி நிலத்துக்கு இறங்கிவிட்டாள். சிறி ஒருவன்தான் நிமிர்ந்து, அதன் இரண்டு பக்கச் செட்டைகளையும் பார்த்தபடி இருந்தான்.

ஓடிப்போய்ப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன்.

"அண்ணை, உங்கட கார்ட்டூன் நல்லாத்தான் சிரிக்க வைக்குது," என்றாள் கிளறிற்றா. பிறகு சிறியிடம் திரும்பினாள். "எல்லாரும் குனிஞ்சினம். நீங்கள் மட்டும் என்னத்தைப் பார்த்தனீங்கள்?"

"அந்தப் பெடியன் வடிவா ஒண்டு செய்ய நினைக்கிறான். அதை ஆர் எதுக்கு எடுக்கப் போயினமோ எண்டு பார்த்தன்."

"உங்கட பிளேனை எதுக்கு எடுப்பினம்?"

"நீர் ஒருக்காவும் பார்க்கேல்லையே."

நானே காரில் அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். கிளறிற்றா வாசலில் இருந்த சூட்கேஸைக் குசினிக்குள் இழுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தாள். ஒவ்வொரு தாளிலும் முதலில் செட்டைக்கு அடியில்தான் பார்த்தாள்.

"அடியில ஒண்டும் தொங்கேல்லை."

"ஓம். இது ஆக்கள் போறதுக்கு."

"இந்த வாசல் ஏன் இவ்வளவு அகலம்?"

"லண்டனுக்கு வரேக்க பையோட பிளேன் வாசல்ல இடிபட்டு நிண்டனான் எண்டு சொன்னீர். அண்டைக்குக் கீறினது."

அவள் அந்தத் தாளை மட்டும் மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை லொறி பழைய மெத்தையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. சூட்கேஸ் என் வானில் குட்மேய்ஸ் வந்தது, முன் சீட்டில், கிளறிற்றாவின் மடியில். "அண்ணை, குலுக்காமல் ஓட்டுங்கோ," என்று வழி நீள எனக்குப் பாடம் எடுத்தாள். முப்பத்தைந்து வருடமாக ஒரு இடத்திலும் இடிக்காமல் ஓட்டுகிற எனக்கு!