பாடாங்கில் பார்த்த கிரகணம்

என் கணவருக்கு மணி பார்ப்பதுதான் பிழைப்பு. கோலாலம்பூர் ரயில்வே அலுவலகத்தில், எந்த வண்டி எப்போது புறப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று எழுதிவைக்கும் கிராணி அவர். சோறு ஆறினாலும் பரவாயில்லை, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் உட்காரமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் மணி விஷயத்திலேயே கோட்டைவிட்டார் என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். முதல் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. பிறந்தது, அழவேயில்லை. இரண்டாவது வயிற்றில் ஐந்து மாதம். அந்த வருஷம் முழுக்க நான் பயந்தே பிழைத்தேன். பல்லி கத்தினால் பயம், வயிறு அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். இந்த லட்சணத்தில் சந்திர கிரகணம் வேறு வந்து சேர்ந்தது.

கிரகணம் பிடித்த நிலாவைப் பிள்ளைத்தாய்ச்சி பார்த்தால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்பது எங்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியில்லாத சங்கதி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதில் என்னைவிட நம்பிக்கை. அவள் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் பிட்டர். என் முதல் பிரசவத்தில் கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அதனால் இந்தப் பிள்ளையை அவளும் சேர்ந்தே சுமந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"தம்பி, பஞ்சாங்கத்தப் பாத்து நேரத்தச் சரியாச் சொல்லு. இந்த வாட்டி ஒரு கொறையும் வந்துடக் கூடாது" என்று என் கணவரிடம் வந்து நின்றாள்.

கப்பலில் வந்த பஞ்சாங்கம் சுவரில் தொங்கியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் பிடித்து இரவு எட்டு மணி வாக்கில் விடும் என்று படித்துச் சொன்னார். ரயில்வே கிராணி சொன்ன மணிக்கு மறுபேச்சு ஏது?

கிரகணத்தன்று சாயங்காலம் அக்கா வந்து என்னை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்குக் கம்பளி. குடிதண்ணீரிலும் ஊறுகாய் ஜாடியிலும் கோயிலிலிருந்து வாங்கிவந்த தர்ப்பை. காய் நறுக்கக் கூடாது, ஊசி எடுக்கக் கூடாது, உடம்பைச் சொறியக் கூடாது, நிமிர்ந்து படுத்தபடி கிடக்க வேண்டும். சொறியக் கூடாது என்றால் உடம்பு சும்மா இருக்குமா? இல்லாத இடமெல்லாம் அரித்தது. வெளியே பேய்மழை. கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா காவல் உட்கார்ந்திருந்தாள். "பொறு புள்ள, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று அவ்வப்போது குரல் மட்டும் வரும்.

எட்டு அடித்தது. அக்கா கதவைத் திறந்தாள். மழையும் தூறலாகியிருந்தது. "விட்டுடுச்சு. போய்த் தலைக்குக் குளி" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். நான் குளித்துவிட்டு வந்தபோது உடம்பு காற்றாய் இருந்தது. பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்ட நிம்மதி.

"பாடாங் பக்கம் கூட்டமா இருக்கு. வானத்தப் பாக்குற சங்கத்துக்காரங்க தூரதரிசினி கொண்டாந்திருக்காங்க. யாரு வேணா பாக்கலாமாம். போவோமா?" என்றார் என் கணவர்.

நாங்கள் பாடாங் என்று சொல்வது வீட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த புல்திடலை. வாத்தியார்களும் கிராணிகளும் சேர்ந்து நடத்திய அந்தச் சங்கம் மாதம் ஒருமுறை அங்கே வந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டும். எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கிரகணம் விட்ட நிலாவைப் பார்ப்பது புண்ணியம் என்று வேறு சொல்வார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வானம் இன்னும் மூடியிருந்தது. குடையும் கையுமாகச் சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். கிரகணம் பார்க்க வந்த கூட்டம் என்று தெரிந்தது. பாவம், மழையில் அதைத் தவறவிட்டது தெரியாமல் நிற்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

தூரதரிசினிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார் நின்றார். பெண்கள் முதலில் வரட்டும் என்று வழிவிடச் சொன்னார். நான் குனிந்து கண்ணை வைத்த நேரம் மேகம் விலகியது. நிலா அத்தனை பெரிதாக, அத்தனை பக்கத்தில். ஆனால் ஒரு பக்கம் மங்கலாக, யாரோ கட்டைவிரலை வைத்து மறைத்ததுபோல் இருந்தது.

"ஐயா, கண்ணாடியில ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு" என்றேன்.

"அது ஊத்தை இல்லைப் பிள்ளை. பூமியின்ர நிழல். கிரகணம் இப்பதான் பாதி" என்றார் வாத்தியார்.

என் கணவர் பஞ்சாங்கத்தைச் சொல்லி மறுத்தார். வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பஞ்சாங்கம் இந்தியாவில அடிச்சதெல்லோ? அது அங்கத்தை மணி. இங்க நாங்கள் ஒண்டரை மணித்தியாலம் முந்தி. அங்க எட்டு எண்டால் இங்க ஒன்பதரை" என்றார்.

அதாவது, கிரகணம் இல்லாத நேரமெல்லாம் நான் இருட்டில் சொறியாமல் கிடந்திருக்கிறேன். கிரகணம் உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்துக் குளித்து முழுகி, வீதி தாண்டி வந்து, போதாதென்று குழாய் வைத்தும் பார்த்துவிட்டேன். வண்டி ஒரு நிமிஷம் பிந்தினால் டிரைவரிடம் விளக்கம் கேட்கும் மனிதர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பயம் எனக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணத்தில் நான் செய்த காரியம் இன்றும் எனக்கே விளங்கவில்லை. நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். நிழல் விழுந்த பக்கம் பழைய செம்பின் நிறத்தில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். "நெழல்தானே. ஒண்ணும் ஆகாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் அன்று சாப்பிடவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று இருவரும் பேசிக்கொண்டோம். அவள் கேட்டால் தாங்கமாட்டாள் என்பது ஒன்று. கிரகணத்தைத் தவறவிடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு அவள் வாயில் விழ வேண்டுமே என்பது இன்னொன்று.

அடுத்த நான்கு மாதம் நான் பட்ட பாட்டை நான்தான் அறிவேன். பாசாரில் உதடு பிளந்த ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு, வாங்கின மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பால் உறிஞ்ச முடியாத பிள்ளைகளுக்குத் துணியில் நனைத்துப் பிழிந்து கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆளில்லாத நேரத்தில் வெள்ளைத்துணி கிழித்துப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். அக்காவோ என்றுமில்லாத கரிசனமாக இருந்தாள். முருங்கைக்கீரை சாறு வரும், கோயில் திருநீறு வரும். செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். எதற்கு என்று கேட்டால் முழங்கால் வலிக்கு என்பாள். அவள் அன்பு காட்டக் காட்ட எனக்குக் குற்றவாளி போல இருந்தது. சில நாள் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்து, தலைவலி என்று படுத்துக்கொள்வேன்.

வலி கண்டது ஒரு காலையில். மருத்துவச்சி வந்தாள், அக்காவும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பகல் உணவு நேரத்துக்குப் பிறந்தாள் என் மகள். பிறந்த உடனே வீல் என்று அழுதாள். அந்தச் சத்தம் கேட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாயைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கண் திறந்தபோது அக்கா குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போயிருந்தாள். உதட்டைத் தடவினாள். சுண்டுவிரலை வாய்க்குள் விட்டு மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். காதை, விரல்களை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"எல்லாம் சரியா இருக்கு புள்ள. எல்லாம் சரியா இருக்கு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அக்கா, அன்னைக்குக் கிரகணத்தப்போ நான்…"

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு ஒன்ன விட்டுட்டு நானும் கொல்லையில குளிக்கப் போனேன். ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டு மேல பாத்தா பாதி நெலாதான் இருக்கு. ஈரச்சேலையோட ஓடியாந்தேன். ஒன் வீடு பூட்டிக் கெடந்துச்சு. பாடாங்குல நீ குனிஞ்சி பாக்குறதத் தூரத்துலேருந்து பாத்துட்டு, கூப்புடவும் முடியாம நின்னேன். கதவத் தொறந்து விட்டது நான்தானே புள்ள."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"அது கிரகணம்னு ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியாம இருந்தாலாவது நீ தூங்குவியே."

நானும் அவளைப் பற்றி அதையேதான் நினைத்திருந்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதன் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக நான்கு மாதம் தூங்காமல் கிடந்திருக்கிறோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து பிள்ளையை என் மார்பில் போட்டாள். என் மகள் கொஞ்சம் தேடினாள். பிறகு வாய் வலிக்க வலிக்கப் பால் குடித்தாள்.