அக்காவின் பெட்டிமேல் உட்கார்ந்த துருத்திக்காரர்

கரண்டு போனால் போதும், கீழே டீக்கடைக்காரன் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவான். அது ஒரே சுருதியில் உறுமும். பேத்திகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அந்த அயர்லாந்துக்காரரின் வாத்தியம் ஞாபகத்துக்கு வரும்.

அறுபதுகளில் இங்கே பர்மாவில், போட்டாதாங் ஆற்றுப் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை பெருக்கினேன். பெருக்குவதில் என்ன பெருமை என்பீர்கள். நான் பெருக்கிய அறையில் தூசி என்று ஒருவரும் சொன்னதில்லை. ஊர் ஊராக வாசித்துத் திரிந்த அவர் அங்கே காய்ச்சலில் படுத்துவிட, வந்த கப்பல் போய்விட்டது. நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வரவில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். வாய் வைக்கமாட்டார், முழங்கைக்கடியில் கட்டிய துருத்தியால் தோல்பைக்குக் காற்றடிப்பார். ஒரு குழல் பாட, மடியில் கிடக்கும் குழாய்கள் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும், நம் நாயனத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி. "ஒத்துக்கு ஆள் கெடைக்கல போல, பாவம்" என்று சிரித்தேன்.

நானும் அடைபட்டுத்தான் கிடந்தேன். கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் நம்மவர்கள் கப்பல் கப்பலாக இந்தியா போனார்கள். அக்கா குடும்பமும் கிளம்பியது. என் வீட்டுக்காரர், "நான் பொறந்த ஊரு இது, அசையமாட்டேன்" என்றுவிட்டார். அதிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. போவதற்குள் ஒரு வார்த்தை பேசிவிடமாட்டாளா என்று பின்னாலேயே சுற்றினேன்.

துருத்திக்காரருக்கும் அக்கா போகும் கப்பலிலேயே அனுமதி கிடைத்தது. சோதனைக் கொட்டகையில் தங்கம் தேடித் தலையணைகளைக்கூடக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அவருடைய தோல்பையில் கத்தியை வைத்தார்.

"ஸயா, அது வாத்தியம்! கிழிச்சா ஊமையாயிடும்" என்று பர்மியில் குறுக்கே விழுந்தேன்.

"அப்ப வாசிக்கச் சொல்லு."

அவர் உட்கார இடம் தேடினார். அதை உட்கார்ந்து மடியில் வைத்துத்தான் வாசிக்க முடியும். கொட்டகையில் ஒரு முக்காலிகூட இல்லை. அக்கா தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் எந்திரிக்கா."

எழுந்தாள். அப்போதும் பேசவில்லை. அத்தான்தான், "பொட்டி நசுங்குனா ஒங்க தொரை புதுசு வாங்கித் தருவாராம்மா?" என்றார்.

வாசித்தார். அதிகாரி சிரித்துக் கத்தியை மடக்கினார்.

கப்பலுக்குப் போகும் படகிலும் அவருக்கு அந்தப் பெட்டிதான் ஆசனம். நன்றி சொல்லத்தானோ என்னவோ, கரையில் நின்ற என்னைப் பார்த்து மறுபடி வாசித்தார். படகு நகர்ந்தபோது அக்கா கையை வாயருகே குவித்து ஏதோ கத்தினாள். என்னிடம்தான். அந்த ஒத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. பிறர் கையால் எழுதச் சொல்லி, "அன்னிக்கி என்னக்கா சொன்ன?" என்று கேட்க என் மானம் விடவில்லை. நான் எழுத்துக் கூட்டப் பழகியபோது அக்கா இல்லை. கொட்டகையையும் இடித்துவிட்டார்கள்.

கரண்டு வந்ததும் கீழே உறுமல் நிற்கும். தெரு சட்டென்று அமைதியாகும். அப்போது ஆற்றுப் பக்கம் காதைக் கொடுக்கிறேன், இன்றைக்கும்.